பசையும் ஈரமும்: கரிசல் வட்டாரத்துக்கான ஒரு பொருளாராய்ச்சி



இயற்கைப் பாலிமர்களையும் தாவரக் கழிவுகளையும் கொண்டு சூழலைக் கெடுக்காத பொருள்களை உருவாக்கும் ஆராய்ச்சி பற்றிப் பேசும்படி இந்த அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். அழைப்பிதழில் இந்தத் தலைப்பைப் பார்த்தவர்கள், எங்கோ குளிரூட்டப்பட்ட ஆய்வுக்கூடத்தில் வெள்ளை அங்கி போட்டவர்கள் செய்யும் வேலை என்று நினைத்திருக்கலாம். பின்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில் நண்பர்கள் இந்த வேலையை நூறாண்டாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி. அவர்கள் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓர் அணுகுண்டு வெடியை மனத்துக்குள் பிரித்துப் பாருங்கள். கையால் பிரிக்க வேண்டாம். மேலே சுற்றியிருப்பது சணல். அதில் செல்லுலோஸும் லிக்னினும் இருக்கின்றன. அடுத்தது காகிதம், அதுவும் செல்லுலோஸ். காகிதத்தைக் காகிதத்தோடு பிடித்து வைத்திருக்கும் பசை மாவுச்சத்து. கம்பி மத்தாப்பில் மருந்தைக் கம்பியோடு பிடித்து வைப்பது டெக்ஸ்ட்ரின், அதாவது வறுத்த மாவுச்சத்து. வாணத்திலும் புஸ்வாணத்திலும் பொறி கிளப்புவது மரக்கரி. ஒரு தீக்குச்சியை எடுத்தால் குச்சி மரம். தலையில் மருந்தைக் கட்டி வைப்பது வச்சிரம், அதாவது தோலிலும் எலும்பிலும் இருந்து காய்ச்சி எடுத்த புரதம். இவ்வளவும் இயற்கைப் பாலிமர்கள், அல்லது அவற்றிலிருந்து வந்தவை.

பாலிமர் என்றால் என்ன என்று கேட்கும் முதலாண்டு மாணவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அது ஒரு சரவெடி. ஒரே மாதிரியான சின்னஞ்சிறு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் பின்னிய சரம். குளுக்கோஸை ஒரு விதமாகக் கோத்தால் மாவுச்சத்து. ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி வைத்துக் கோத்தால் செல்லுலோஸ். மைதாவும் பருத்தி நூலும் ஒரே சரக்கின் இரண்டு பின்னல்கள்தாம். ஒன்று நமக்குச் செரிக்கும், மற்றது செரிக்காது. இப்படி நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் இருக்க முடியும் என்று ஜெர்மானியரான ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் எழுதியபோது சக வேதியியலாளர்கள் நம்பவில்லை. 1953-இல்தான் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அவர் ஐரோப்பாவில் வாதாடிக்கொண்டிருந்த அதே 1920-களின் தொடக்கத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். இருதரப்புக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. கையாண்ட பொருள் ஒன்றுதான்.

தீப்பெட்டிக்குச் சிவகாசி ஏன் வாய்த்தது? குச்சிக்கான மட்டி மரம் கேரளத்திலிருந்து வர வேண்டும். ரசாயனம் வேறெங்கிருந்தோ வர வேண்டும். இங்கே இருந்தது வெயில். ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும் விருதுநகர் மாவட்டம் இது. மானாவாரி விவசாயம் கைவிட்ட குடும்பங்களின் உழைப்பும், எதையும் ஒரே நாளில் காயவைத்துவிடும் வறண்ட காற்றும் சேர்ந்துதான் இந்தத் தொழிலை ஊன்றின. வச்சிரம் காய வேண்டும், லேபிள் ஒட்டிய பசை காய வேண்டும், பின்னாளில் வந்த பட்டாசில் மருந்து காய வேண்டும். தீப்பெட்டி லேபிளுக்காக வந்த அச்சு, காலண்டராகவும் பாடநூலாகவும் வளர்ந்ததற்கும் மையும் காகிதமும் வறண்ட காற்றில் நன்றாக நடந்துகொண்டது ஒரு காரணம். இந்த மாவட்டத்தின் மூன்று தொழில்களும் ஈரம் இல்லாமையின் மேல் நிற்கின்றன.

இயற்கைப் பாலிமர் ஆராய்ச்சியின் மையக் கேள்வியும் ஈரம்தான். செல்லுலோஸ் சரத்தில் ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. அவை தண்ணீரைக் கண்டால் விடமாட்டா. அதனால்தான் சாதாரணக் காற்றில் வைத்த பருத்தி தன் எடையில் எட்டரை விழுக்காடு ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது, பாலியெஸ்டர் 0.4 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறது. காகிதப் பை மழையில் கிழிகிறது, மாவுப் பசை பூஞ்சை பிடிக்கிறது, நார்ப் பலகை ஓரத்தில் ஊதிப் போகிறது என்றால் எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஹைட்ராக்சில்தான். பிளாஸ்டிக் உலகை வென்றதற்கும் இதே காரணம்தான். அதற்குத் தண்ணீரோடு உறவில்லை. அந்த உறவில்லாமையால்தான் அது மக்கவும் மறுக்கிறது. மண்ணில் மக்க வேண்டும், கடையில் நனையக் கூடாது என்று இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்கிறோம். இந்தத் துறையின் தலைவலி முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

இந்த ஈரப்பிடிப்பு எல்லா இடத்திலும் குறையாகிவிடாது. பட்டாசு ஆலையில் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு விதி இங்கிருக்கும் போர்மேன்களுக்கு மனப்பாடம். பருத்தியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் உண்டு. உராய்வில் பிறக்கும் நிலைமின்சாரத்தை அந்த ஈரம் கசியவிட்டுவிடும். பாலியெஸ்டரிலோ நைலானிலோ மின்னூட்டம் தேங்கி நிற்கும். அலுமினியத் தூள் கலந்த மருந்துக்கு முன் அந்தத் தேக்கம் போதும். மருந்து அறைக்குள் நுழையுமுன் உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வதும் இதற்காகத்தான். பிளாஸ்டிக் வாளியும் பிளாஸ்டிக் அகப்பையும் அந்த அறைக்கு ஆகாது. மற்ற ஊர்களில் மக்கும் பொருள் வேண்டும் என்பது சுற்றுச்சூழல் கோரிக்கை. இங்கே அது உயிர் சம்பந்தப்பட்ட கோரிக்கையும்கூட. பிளாஸ்டிக்குக்கு மாற்று தேடும் ஆய்வாளர்கள் வலிமையையும் மக்கும் நாள்களையும் அளந்து எழுதுகிறார்கள். நிலைமின்சாரம் எவ்வளவு விரைவாகக் கசிகிறது என்று அளந்தவர்கள் குறைவு. சிவகாசியில் உட்கார்ந்து ஆராய்பவருக்கு அதுதான் முதல் அளவீடாக இருக்க வேண்டும்.

அடுத்தது பசை. இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவது நாம் அறிந்த முறை. சுவரொட்டிக்கும் புத்தகக் கட்டுக்கும் அது போதும். வெடிமருந்துக்குப் பக்கத்தில் போகும்போது கதை மாறுகிறது. மாவுப் பசையை இரண்டு நாள் வைத்தால் புளிக்கும். புளிப்பு என்றால் அமிலம். பொட்டாசியம் குளோரேட் உள்ள கலவையில் அமிலம் பட்டால் நிலையற்ற குளோரிக் அமிலம் உருவாகும், கலவை தொட்டாற்சிணுங்கியாகிவிடும். மயில்துத்தமும் அமிலத்தன்மை உள்ள உப்புதான். ஆகவே குளோரேட் இருக்கும் இடத்தில் பசை புளிக்கவே கூடாது, துத்தமும் கூடாது. பழைய வாணவேடிக்கை நூல்களில் குளோரேட்டோடு சுண்ணாம்புப் பொடியோ வேறு கார்பனேட்டோ சேர்க்கச் சொல்வது அமிலத்தை அடக்குவதற்காக. அலுமினியமும் நைட்ரேட்டும் ஈரமாக இருக்கும் கலவையில் சங்கடம் நேர் எதிரானது. அங்கே காரத்தன்மை ஏறினால் அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து சூடாகும், கலவை தானாகவே பற்றிக்கொள்ளவும் கூடும். அதைத் தடுக்கத்தான் போரிக் அமிலம் சிறிது சேர்க்கிறார்கள்.

ஆக ஒரு கலவைக்கு அமிலம் துளியும் ஆகாது, இன்னொன்றுக்குக் கொஞ்சம் அமிலம் வேண்டும். இரண்டுக்கும் பசையோ டெக்ஸ்ட்ரினோ வேண்டும். இரண்டும் வெயிலில் சீக்கிரம் காய வேண்டும், காய்ந்தபின் மழைக்காலத்தில் இளகக் கூடாது. விலை மைதாவை விட ஏறக் கூடாது. இவ்வளவு நிபந்தனைகளையும் நிறைவேற்றும் ஒரு மாவுச்சத்துப் பசையை வடிவமைப்பது முனைவர் பட்டத்துக்குத் தகுந்த கேள்வி என்பேன். சேலத்தில் ஆலை ஆலையாக மரவள்ளி மாவு இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே புளியங்கொட்டை இருக்கிறது. அதன் பருப்பில் உள்ள சைலோகுளுக்கான் என்னும் பாலிமர் சூடான தண்ணீரில் கெட்டியான கூழாகிவிடும். நெசவாலைகளும் சணல் ஆலைகளும் பாவுக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டைப் பொடியை நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன. அது மைதாவைப் போல வேகமாகப் புளிக்குமா, காகிதக் குழாயில் எத்தனை நாள் பிடித்து நிற்கும், காய்ந்த படலம் எரியும்போது என்ன புகை விடும் என்று வரிசையாக அளந்து பார்க்க ஒரு தராசும், அமிலத்தன்மை காட்டும் மீட்டரும், ஈரப்பதம் கட்டுப்படுத்தும் பெட்டியும் போதும். எலக்ட்ரான் நுண்ணோக்கி வாங்க மானியம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இனி ஆய்வுக்கூடங்களுக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் பொருளாராய்ச்சி நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் கூட்டுப்பொருள்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஏ. வரத ராஜுலுவும் அவரோடு இருந்தவர்களும் அங்கே செல்லுலோஸ் படலங்கள் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பருத்தியை நேராகக் கரைப்பது எளிதல்ல. ரேயான் ஆலைகள் அதற்குக் கார்பன் டைசல்பைடு என்னும் நச்சைப் பயன்படுத்துகின்றன. சீனத்தின் வூகான் பல்கலைக்கழகத்தில் லீனா ஜாங் குழுவினர் காட்டிய வழி வேறு. காரமும் யூரியாவும் கலந்த கரைசலைச் சுழியத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி வரை குளிரவைத்தால் செல்லுலோஸ் சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறது. அந்த வழியைக் கைக்கொண்டு, புளியங்கொட்டைப் பொடியைக் கலந்து, உள்ளேயே வெள்ளி நுண்துகள்களை விளைவித்து, பாக்டீரியாவைத் தடுக்கும் படலங்களைக் கிருஷ்ணன்கோவிலில் செய்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை இதில் சுற்றலாமே என்று என் மனைவி கேட்டார். காய்ந்த செல்லுலோஸ் படலம் எண்ணெயையும் ஆக்சிஜனையும் நன்றாகத் தடுக்கும், ஆகையால் கேள்வி நியாயமானது. வெள்ளி உணவுக்குள் இறங்குகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

இன்னொரு ஆய்வு சீமைக் கருவேலம் பற்றியது. 2013-இல் கார்போஹைட்ரேட் பாலிமர்ஸ் இதழில் வெளிவந்தது. விருதுநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் பங்கேற்றது. வேலிகாத்தான் என்று நாம் சபித்துக்கொண்டே வெட்டும் அந்த மரத்தின் பட்டையிலிருந்து நார் எடுத்தார்கள். அதில் செல்லுலோஸ் 61.65 விழுக்காடு, லிக்னின் 17.11 விழுக்காடு. இழுவலிமை 558 மெகாபாஸ்கல். அடர்த்தி கன மீட்டருக்கு 580 கிலோ, அதாவது கண்ணாடி இழையின் எடையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. எண்கள் நன்றாகவே இருக்கின்றன. அதற்குப் பிறகு கோரை, மருள், எருக்கு, ஆலம் விழுது என்று கண்ணில் பட்ட செடியெல்லாம் நாராகி ஆய்வுக் கட்டுரையாகிவிட்டது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் இந்த ஒரு வகைக் கட்டுரையில் உலக அளவில் முன்னே நிற்கின்றன.

எனக்கு இதில் மகிழ்ச்சியும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. புதிய நாரைக் கண்டுபிடித்தோம் என்ற கட்டுரைக்கு ஓர் அச்சு வார்ப்பு வந்துவிட்டது. தண்டை வெட்டு, தண்ணீரில் ஊறப்போடு, நாரை உரி, ஐந்து விழுக்காடு காஸ்டிக் சோடாவில் நனை, எக்ஸ் கதிரில் காட்டு, இழுத்துப் பார், எழுது. செடியின் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த கட்டுரை ஆயத்தம். மரத்துக்கு யார் போய் பட்டை உரிப்பது, ஒரு டன் நாருக்கு எத்தனை ஆள்கூலி, ஊறப்போட எத்தனை குடம் தண்ணீர், காஸ்டிக் சோடாவில் கரைந்து கறுத்து வரும் கழிவுநீர் எந்த ஓடையில் விழும் என்பதற்கெல்லாம் அந்த வார்ப்பில் இடம் இல்லை. குடிதண்ணீருக்கே வண்டியை எதிர்பார்க்கும் கிராமங்கள் உள்ள மாவட்டத்தில், தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் நாரைச் சூழலுக்கு உகந்தது என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதே வேலிகாத்தான் கரி மூட்டத்தில் போய் மூட்டை மூட்டையாகக் கரியாகிறது. அதற்குக் கட்டுரை தேவைப்படவில்லை. ஏனென்றால் வெட்டுபவருக்கும் மூட்டம் போடுபவருக்கும் லாரிக்காரருக்கும் கணக்கு ஒத்துப்போகிறது. கரியிலும் ஆராய்ச்சிக்கு இடம் உண்டு. எல்லாக் கரியும் ஒன்றில்லை என்பது வாணக்காரர்களுக்குப் பழைய பாடம். கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதம். அந்தப் பதினைந்து பங்கு எந்த மரத்தின் கரி என்பதைப் பொறுத்து எரியும் வேகம் மாறும். ஐரோப்பாவில் வில்லோ மரக் கரியைத் தேடினார்கள். நம் நாட்டில் துவரை மாரும் எருக்கும் வெடிமருந்துக் கரிக்குப் பேர்போனவை. கனமில்லாத, துளை நிறைந்த தண்டில் கிடைக்கும் கரி சீக்கிரம் பற்றும். பருப்பு வாணிபத்துக்குப் பேர்போன விருதுநகரைச் சுற்றித் துவரை மார் அடுப்புக்குப் போகிறது. வேலிகாத்தான் கரியையும் துவரை மார்க் கரியையும் ஒரே வெப்பத்தில் செய்து ஒப்பிட்டுத் தரப்படுத்தித் தந்தால் தொழில் நாளைக்கே வாங்கிக்கொள்ளும்.

பயோமாஸை ஆலைக்குக் கொண்டுசேர்ப்பது பற்றி நமக்கு வழிகாட்ட வெளிநாடு வேண்டாம், கரூர் போதும். 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அங்கே கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. சக்கையில் காகிதம் செய்யலாம் என்பது அப்போதே உலகுக்குத் தெரிந்த வேதியியல். கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் இருந்தது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. அதை எங்களுக்குக் கொடுங்கள், அதற்கு ஈடான எரிபொருளையும் நீராவியையும் நாங்கள் தருகிறோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். சக்கை ஏற்கெனவே ஒரே வாசலில் குவிந்துகிடந்தது. வயல் வயலாகப் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கவில்லை.

பருத்திமார் அப்படிக் குவிவதில்லை. ஒரு ஹெக்டேரில் இரண்டு மூன்று டன் மார் நிற்கும். மும்பையில் 1924-இல் தொடங்கிய மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து துகள்பலகை செய்யும் முறையைப் பல்லாண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டது. ஆனால் மார் எடை குறைந்தது, இடத்தை அடைப்பது. ஒரு டிராக்டரில் ஏற்றினால் காற்றைத்தான் அதிகம் ஏற்றிக்கொண்டு போகிறோம். சாத்தூர்க் கரிசலில் விவசாயி அதைப் பிடுங்கிக் கொளுத்துகிறார் என்றால் அறியாமையால் அல்ல, அடுத்த பருவத்துக்கு நிலம் வேண்டும், காய்ப்புழு தங்கிவிடக் கூடாது. வயலோரத்திலேயே அரைத்து அழுத்தி எடையைக் கூட்டும் சின்ன இயந்திரம் இல்லாதவரை பலகை ஆராய்ச்சி ஏட்டிலேயே இருக்கும்.

பருத்தியைப் பற்றிப் பேசும்போது இந்த ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கிளைக்கதை இருக்கிறது. 1840-களில் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலங்களில் நனைத்து வெடிபஞ்சு செய்தார். அதே நைட்ரோசெல்லுலோஸைக் கர்ப்பூரத்தோடு பிசைந்து 1869-ஐ ஒட்டி அமெரிக்காவின் ஹயாட் செல்லுலாய்டு செய்தார். உலகின் முதல் வணிகப் பிளாஸ்டிக்குகளில் ஒன்று பருத்தியிலிருந்து பிறந்தது, அதன் உடன்பிறப்பு வெடிமருந்து. நீலகிரியின் அரவங்காட்டில் 1903-இல் அமைந்த கார்டைட் தொழிற்சாலை இந்த வேதியியலின் மேல்தான் எழுந்தது. நைட்ரோசெல்லுலோஸ் புகை குறைவாக விடும், சாம்பல் அநேகமாக இருக்காது. உள்ளரங்க மேடை வாணங்களில் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். விலையும் உரிமக் கட்டுப்பாடும் அதைச் சிவகாசியின் சாதாரண ரகங்களுக்கு எட்டாமல் வைத்திருக்கின்றன. எட்டாமல் இருப்பதே பாதுகாப்பு என்றும் சிலர் சொல்வார்கள். நானும் அவர்கள் பக்கம் பாதி சாய்ந்தவன்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்து, மாசு குறைந்த பட்டாசுகளை மட்டும் அனுமதித்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதைத் தொடர்ந்து நாக்பூரின் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று கலவைகளை வகுத்தது. சிவகாசியிலேயே மூலப்பொருள் சோதனைக்கூடமும் வந்தது. துகள் மாசு முப்பது விழுக்காடாவது குறைய வேண்டும் என்பது கணக்கு. கவனித்துப் பாருங்கள், பேச்சு முழுக்க ஆக்சிஜன் தரும் உப்பைப் பற்றியும் உலோகத் தூளைப் பற்றியும்தான். குழாயைப் பற்றி, பசையைப் பற்றி, திரியைப் பற்றி, மேலுறையைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை. வெடியின் எடையில் பெரும்பங்கு காகிதம்தான். தீபாவளி மறுநாள் தெருவில் கிடக்கும் காகிதக் குப்பையில் கனஉலோக உப்பு ஒட்டியிருந்தால் அதை உரக்குழியில் போட முடியாது. பேரியம் போய்விட்டால் அந்தக் குப்பை உரமாகக்கூடிய காகிதம் ஆகும் வாய்ப்பு இருக்கிறது. மேலே பளபளக்கும் பிளாஸ்டிக் பூச்சும் உலோகத் தாளும் இல்லாதிருந்தால் மட்டும். ஆகவே பசுமைப் பட்டாசின் இரண்டாம் பாதி பொருளாராய்ச்சியாளரின் மேசையில் காத்திருக்கிறது.

பிளாஸ்டிக் நம் தொழிலுக்குள் பின்வாசல் வழியாகத்தான் வந்தது. 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு தடை செய்தது. கடைக்காரர் கைப்பையை மாற்றினார். காலண்டர் அட்டையிலும் நோட்டுப் புத்தக மேலட்டையிலும் ஏறிய லேமினேஷன் படலம் அப்படியே இருக்கிறது. ஆடிப் பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. அந்த மினுமினுப்பைத் தருவது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். காகிதத்தோடு ஒட்டிவிட்ட அந்தப் படலத்தைக் காகித ஆலை கூழாக்கும்போது பிரிப்பது பெரிய தொல்லை. செல்லுலோஸ் அசிடேட் படலம் போட்டால் பிரச்சினை பெருமளவு தீரும், விலைதான் இடிக்கிறது. தண்ணீரில் கரைத்த பூச்சுகளையும் முயன்று பார்க்கலாம். சோளத்திலும் கரும்பிலும் செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கை மக்கும் என்று விற்கிறார்கள். அறுபது டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நடக்கும் தொழில்முறை உரக்கிடங்கில் மக்கும். நகராட்சிக் குப்பைமேட்டில் அது வெகுநாள் பிளாஸ்டிக்காகவே கிடக்கும். இந்த வேறுபாட்டை விளம்பரம் சொல்லாது.

விலை என்று சொன்னேன். தீப்பெட்டி 2007-இலிருந்து பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கே விற்றது. 2021 டிசம்பர் முதல் நாளில்தான் இரண்டு ரூபாய் ஆனது. மரமும் வச்சிரமும் மெழுகும் காகிதமும் கூலியும் அந்த ஒரு ரூபாய்க்குள் அடங்கியிருந்தன. அதற்குப் போட்டியாக வந்தது, தீர்ந்ததும் தூக்கி எறியும் பிளாஸ்டிக் லைட்டர். தென்மாவட்டத் தீப்பெட்டிக்காரர்கள் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்து, 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசின் தடை வந்தது. மக்கும் பொருளுக்கும் மக்காத பொருளுக்கும் நடந்த இந்தச் சண்டையில் முடிவு ஆய்வுக்கூடத்தில் ஏற்படவில்லை, வாணிப அறிவிக்கையில் ஏற்பட்டது. மாணவர்கள் பாலிமர் பாடத்தோடு சுங்கவரிப் பாடமும் கொஞ்சம் படித்து வைக்கலாம்.

சத்திரப்பட்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் ராஜபாளையத்து நண்பர்கள் கோபிப்பார்கள். அங்கே விசைத்தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. பருத்தி இழைக்கு ஒரு விசித்திரம் உண்டு. நனைந்தால் அதன் வலிமை கூடும். ரேயான் நனைந்தால் பாதி வலிமையை இழக்கும். காயத்துக்குக் கட்டுப் போட இதைவிடப் பொருத்தமான நார் எது? இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பாலிமர் இரத்தப்போக்கை நிறுத்த உதவும். அமெரிக்காவில் 2002-இலேயே அத்தகைய கட்டுக்கு அனுமதி கிடைத்தது. தூத்துக்குடியில் இறால் ஓடு, சத்திரப்பட்டியில் துணி, இடையில் சில மணி நேரப் பயணம். மருத்துவச் சாதனங்களுக்கான உரிமம் வாங்கும் பாதை மட்டும் நீளமானது. அதற்குப் பொறுமையும் கைமுதலும் உள்ளவர் முன்வர வேண்டும்.

இந்த அறக்கட்டளையின் ஆண்டு வட்டியை எதற்குச் செலவிடலாம் என்று நிர்வாகிகள் என்னிடம் கேட்டார்கள். சபையிலேயே சொல்லிவிடுகிறேன். பசைக்குச் செலவிடுங்கள். மைதா, மரவள்ளி, புளியங்கொட்டை, மூன்றும் கலந்தது என நான்கு வகை. காய்ச்சிய நாளிலிருந்து தினமும் காலையில் அமிலத்தன்மையைக் குறிக்க வேண்டும். ஒட்டிய காகிதக் குழாய்களை வறண்ட அறையில் பாதியும் ஈரம் மிகுந்த அறையில் பாதியும் வைத்து உரித்துப் பார்க்க வேண்டும். மருந்து எதுவும் வேண்டாம், வெறும் குழாய்கள் போதும். ஆகையால் கல்லூரியில் உரிமம் இல்லாமலேயே நடத்தலாம். மருந்தோடு சோதிக்கும் கட்டம் வரும்போது சிவகாசியில் உள்ள பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையத்தின் துணையை நாடலாம்.

பங்குனி வெயிலில் சோதித்துவிட்டு வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். நம் சரக்கு பங்குனியில் காய்ந்து ஐப்பசியில் விற்கிறது, வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு வரும் மாதத்தில், கடலோர ஊர்களிலும் அசாமிலும் குடோன்களில் கிடக்கிறது. ஐப்பசியில் தூத்துக்குடிக் கடற்கரையோரம் ஓர் ஓலைக் கொட்டகையில் முப்பது நாள் வைத்துப் பாருங்கள். இளகிப்போன மாதிரிகளின் எண்ணிக்கையையும் அட்டவணையில் சேருங்கள். வாய்மொழித் தேர்வுக்குப் பேராசிரியர்களோடு ஒரு போர்மேனையும் பசை காய்ச்சும் ஓர் அம்மாவையும் உட்கார வையுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ஒரு வாளிப் பசை எத்தனை குரோஸ் பெட்டிக்கு வரும் என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் தெரிந்த மாணவருக்கு அடுத்த ஆண்டு உதவித்தொகையை நீட்டிக்கலாம்.